15,000 பவுண்டில் பழைய பாய்மரப் படகு: 27 அடியா, 34 அடியா?

போர்ட்ஸ்மத்தில் இருக்கிறீர்கள், நீங்கள், மனைவி, 11 வயது மகள். டே ஸ்கிப்பர் (சிறு படகைப் பகலில் ஓட்டும் தொடக்கநிலைத் தலைவர்) பயிற்சி முடித்தாயிற்று. கையில் மொத்தம் 15,000 பவுண்டு. 8,000 பவுண்டுக்கு 1974இல் கட்டிய 27 அடி ஆல்பின் வேகா ஒன்றும், 14,000 பவுண்டுக்கு 1980களின் தொடக்கத்தில் கட்டிய 34 அடிப் படகு ஒன்றும் கண்ணில் பட்டிருக்கின்றன. பெரியதில் தேக்கு மேல்தளம், அந்தக் காலத்து எஞ்சின், செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து உடலைத் துளைத்து நீருக்குள் இறங்கும் புரொப்பெல்லர்க் கால்). வார இறுதியில் பக்கத்திலிருக்கும் சோலன்ட் ஜலசந்தி, கோடையில் ஒரு முறை கால்வாயைக் கடந்து பிரான்சின் ஷெர்பூர் துறைமுகம் போய்வர வேண்டும். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கிய மறுநாள் கையில் எவ்வளவு மிஞ்சும், எந்தப் பழுது வந்தால் அந்த மிச்சம் தாங்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

27க்கும் 34க்கும் ஏழு அடிதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எடை நீளத்தோடு ஏறுவதில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் சேர்ந்து ஏறுகிறது. வேகா சுமார் 2.3 டன். சராசரி 34 அடிப் படகு 5 டன்னைத் தொடும். எடை இரண்டு மடங்கானால் எஞ்சின், நங்கூரம், சங்கிலி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை) எல்லாமே ஒன்றிரண்டு அளவு பெரியதாகின்றன. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்ட்கூட இரண்டு டின் கூடுதல். மரினா எனும் படகுத்துறையின் வாடகையும் கிரேனில் தூக்கும் கட்டணமும் நீளத்தை வைத்துத்தான். சோலன்ட் மரினாவில் 8 மீட்டர் படகுக்கே ஆண்டுக்கு 5,000 பவுண்டை ஒட்டிக் கேட்பது சாதாரணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பது படகுத் தொழிலைப் பார்த்துச் சொன்னதோ என்று தோன்றும். பெரிய படகு பதிலுக்குத் தருவது என்ன? சோலன்டின் மேற்கு வாயிலான நீடில்ஸ் முனையிலிருந்து ஷெர்பூர் கிட்டத்தட்ட 60 கடல் மைல். வேகா 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 12 மணி நேரம் எடுத்தால், 34 அடி பத்தரை மணி நேரத்தில் போய்விடும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், மகளுக்குத் தனி அறை கிடைக்கும், எதிர்க்காற்றில் ஆட்டம் குறைவு. இவையெல்லாம் உண்மையான லாபங்கள்தான். 14,000 கொடுத்தபின் மிஞ்சும் 1,000 பவுண்டில் அந்தப் படகைக் கடலுக்குத் தகுதியாக வைத்திருக்க முடியுமா என்பதுதான் சிக்கல். நான் பயன்படுத்தும் தோராயக் கணக்கு: கையிலுள்ள மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது, முடிந்தால் நாற்பது சதவீதத்தை, முதல் ஆண்டுக்கு என்று ஒதுக்கிவிட்டு மீதியில் படகு பார்ப்பது. இது சட்டமில்லை. ஆனால் இதை மீறியவர்களின் படகுகள்தான் யார்டுகளின் மூலையில் பாசி படர்ந்து நிற்கின்றன.

இனி எதைப் பார்ப்பது. பழைய படகில் கண்ணை உறுத்தும் பழுதுகளில் முக்கால்வாசி மலிவானவை. மெத்தை கிழிந்திருப்பது, உள்கூரைத் துணி தொங்குவது (பழைய வெஸ்டர்லி படகுகளுக்கு இது கூடப் பிறந்தது), மங்கிய ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சு), வேலை செய்யாத ஆழமானி எல்லாம் விலையைக் குறைக்கக் கிடைத்த சாக்குகள். படகை முடக்குபவை ஐந்து: கீல், மேல்தளத்தின் உள்கூடு, கம்பிகளும் அவற்றைப் பிடித்திருக்கும் பட்டைகளும், சுக்கான், எஞ்சின்.

கீல் என்றதும் கதவுக் கீல் நினைவுக்கு வரும். இது படகின் அடியில் செங்குத்தாக இறங்கும் எடைத் துடுப்பு. காற்று பாயைச் சாய்க்கும்போது படகை நிமிர்த்துவது அதுதான். வேகாவில் இரும்பு எடையை ஃபைபர் உடலுக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். போல்ட் கிடையாது, எனவே போல்ட் அரித்துப்போகும் கவலையும் கிடையாது. தரைதட்டி அடித்தோல் கிழிந்திருக்கிறதா, உள்ளே நீர் புகுந்து இரும்பு துருவேறி வீங்குகிறதா என்று கீலின் அடிவிளிம்பை மட்டும் பார்த்தால் போதும். அந்த 34 அடியில் பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டிய கீலாக இருக்கும். இரும்புக் கீலின் மேற்பரப்புத் துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது தேய்த்துப் பூசுகிற வேலை. கீலும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். அங்கே மயிரிழைப் பிளவு பூச்சின் பழுதாகவும் இருக்கலாம், கீல் ஆடுவதாகவும் இருக்கலாம். பார்வையால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிரேன் பட்டையில் தொங்கும்போது பிளவு விரிந்து, கட்டையில் இறக்கும்போது மூடுகிறதா என்று கவனியுங்கள். தொங்கும் கீலின் நுனியைத் தோளால் பக்கவாட்டில் தள்ளச் சொல்லி, அந்தக் கோட்டில் விரலை வைத்திருங்கள். அசைவு தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பிறகு உள்ளே போய்த் தரைப்பலகைகளைத் தூக்குங்கள். படகு முன்னே போகும் வேகத்தில் கீல் பாறையில் மோதினால், கீலின் பின்முனை மேல்நோக்கி உடலைக் குத்தும், முன்முனை கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே கீலின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள குறுக்கு விலா எலும்புகளில் பிளவு, புதிதாகப் பூசிய பெயின்ட், மற்ற இடத்தோடு ஒட்டாத நிறத்தில் ஃபைபர் ஒட்டு ஏதாவது இருந்தால் அது பழைய தரைதட்டலின் தழும்பு. தழும்பு இருப்பது தவறல்ல. யார் சரிசெய்தார்கள், ரசீது எங்கே என்பதே கேள்வி. 2014 மே மாதம் அட்லான்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்த சீக்கி ரஃபிக்கி படகில் நால்வரும் இறந்தார்கள். பலமுறை தரைதட்டியதும், அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்றது பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு. அது பழைய படகுமல்ல, மலிவான படகுமல்ல.

மேல்தளத்துக்கு வருவோம். பல படகுகளில் மேல்தளம் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்த சாண்ட்விச். மேலே மாட்டிய ஒவ்வொரு போல்ட்டும் அதில் ஒரு துளை. சீலன்ட் பத்துப் பதினைந்து ஆண்டில் இறுகிப் பிரிந்ததும் மழைநீர் இறங்கி மரம் உளுத்துவிடும். பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதுபோல, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சாணளவு இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று எதிரொலிக்கும். உளுத்த இடம் ஈர அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். கைப்பிடிக் கம்பிகளின் அடி, வின்ச்சைச் சுற்றி, பாய்மரத்தின் அடி, ஜன்னல் மூலைகள் ஆகிய இடங்களில் நிதானமாகத் தட்டுங்கள். உள்ளங்கை அளவில் ஓரிரு இடம் என்றால் நீங்களே எபாக்ஸி வைத்துச் சரிசெய்யலாம். சதுர மீட்டர் கணக்கில் என்றால் மேல்தோலை அறுத்தெடுக்க வேண்டும். அந்தப் படகின் விலையை வேலைக்கூலி தாண்டிவிடும். 34 அடியின் தேக்கு மேல்தளம்தான் இங்கே எனக்கு முதல் உறுத்தல். 1980களில் தேக்குப் பட்டைகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் மாட்டினார்கள். ஒவ்வொன்றும் நடுமரத்துக்குள் இறங்கும் துளை. தேக்கு தேய்ந்து திருகாணித் தலையை மூடிய மரக்குமிழ்கள் பெயர்ந்திருந்தால், அழகைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தேக்கைப் பிரித்தெடுக்கும் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

வேகாவுக்கும் தெரிந்த நோய் ஒன்று உண்டு. பாய்மரம் மேல்தளத்தின் மீது நிற்கிறது. அதன் அழுத்தத்தைத் தாங்கும் உத்திரம் காலப்போக்கில் தணிந்துவிடும். மேலே பாய்மரத்தின் அடியில் லேசான பள்ளம், உள்ளே கழிப்பறைக் கதவு சட்டத்தில் சிக்குவது, கம்பிகளை எவ்வளவு முறுக்கினாலும் மறுபடி தளர்வது ஆகியவை அறிகுறிகள். உத்திரத்தைப் பலப்படுத்துவது பலரும் செய்து பழகிய வேலை, சில நூறு பவுண்டில் முடியக்கூடியது. ஏற்கெனவே செய்திருந்தால் அந்த வேகா ஒரு படி மேல்.

ஸ்டெயின்லெஸ் கம்பிகளின் வயதைப் பார்வையால் சொல்ல முடியாது. கீழ்முனைப் பூட்டுகளில்தான் உப்புநீர் தேங்கும். அங்கே பிளவு, பழுப்புக் கறை, அறுந்த ஒற்றை இழை இருக்கிறதா என்று டிஷ்யூ பேப்பரைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், அறுந்த இழை பேப்பரைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றும் சிக்கவில்லை என்பது நல்ல கம்பி என்பதற்குச் சான்று ஆகாது. சான்று ரசீதுதான். பத்துப் பதினைந்து ஆண்டு தாண்டிய கம்பிக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் முழுப் பொறுப்பு ஏற்பதில்லை. 27 அடிக்கு மொத்தக் கம்பியையும் மாற்ற ஏறத்தாழ 2,000 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள், 34 அடிக்கு அதைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. கம்பியைவிட அது வந்து மாட்டும் பட்டைகள் ஆபத்தானவை. மேல்தளத்தை ஊடுருவும் இடத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான். அது கிடைக்காத இடுக்கில் உள்ளுக்குள் அரித்து, வெளியே பளபளவென்று இருக்கும்போதே முறியும். உள்ளே பலகையில் தேநீர் நிறத்தில் ஒழுகல் தெரிந்தால் ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

சுக்கானில் பார்க்க வேண்டியது இரண்டு. கையால் பிடித்து ஆட்டினால் சில மில்லிமீட்டருக்கு மேல் தளர்வு கூடாது. படகைத் தூக்கிச் சில நாள் கழித்தும் சுக்கானின் அடியிலிருந்து நீர் சொட்டினால், அதுவும் பழுப்பாகச் சொட்டினால், உள்ளே தண்டோடு பற்றவைத்த தகடுகள் அரித்துக்கொண்டிருக்கின்றன. வேகாவின் சுக்கான் கீலின் பின்னால் தொங்குவது. நண்டுப் பொறிக் கயிறும் மிதக்கும் கட்டையும் முதலில் கீலைத்தான் சந்திக்கும்.

எஞ்சின்தான் உங்கள் பட்ஜெட்டின் எமன். இந்த அளவுப் படகுக்குப் புது டீசல் எஞ்சின் வாங்கிப் பொருத்த இன்றைய நிலையில் 10,000 பவுண்டை ஒட்டி ஆகும். படகு பார்க்கப் போகும்முன், எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின்மேல் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறைக்க ஏதோ இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் சில நொடியில் பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைவது இயல்பு. நிற்காத வெள்ளைப் புகை எரியாத டீசலாகவோ, தண்ணீர் உள்ளே புகுந்ததாகவோ இருக்கலாம். நீலப் புகை எண்ணெய் எரிகிறது என்பது. கரும்புகை மட்டும் குழப்பும்: இன்ஜெக்டரும் காரணமாகலாம், கரி அடைத்த எக்ஸாஸ்ட் வளைவும் காரணமாகலாம், புரொப்பெல்லரில் ஒட்டிய சிப்பியும் காரணமாகலாம். கடைசியது இவற்றில் மலிவு. எண்ணெய் பால் கலந்த காபிபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சும்மா ஓட்டிக் காட்டுவதில் ஒரு பயனும் இல்லை. கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டி, கியர் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் 20 நிமிடம் ஓடட்டும். வெப்பம் ஏறாமல், வெளியேறும் நீர் விட்டுவிட்டுத் துப்பிக்கொண்டே இருந்தால் குளிர்விப்பு சரி.

கடல்நீரே நேராக உள்ளே ஓடிக் குளிர்விக்கும் எஞ்சினா, நன்னீர் சுற்றோடு கூடியதா என்று கேளுங்கள். யன்மார் எஞ்சின்களான 1ஜிஎம்10, 2ஜிஎம்20 இரண்டிலும் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இல்லாவிட்டால் கடல்நீர் வகை. அவற்றுக்குள் துத்தநாக அனோடு (எஞ்சினுக்குப் பதில் தான் அரிக்கப்படும் துண்டு) ஒன்று இருக்கும். அதை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்று உரிமையாளர் திருப்பிக் கேட்டால் பராமரிப்பின் முழு வரலாறும் தெரிந்துவிடும். வேகாக்களில் முதலில் பெட்ரோல் எஞ்சினும் பிறகு வால்வோ எம்டி6ஏ, எம்டி7ஏ டீசலும் வந்தன. கியர்பெட்டிக்குப் பதிலாகப் புரொப்பெல்லரின் இறகுகளையே திருப்பும் கோம்பி என்ற அமைப்பு இருக்கும். பாகங்கள் கிடைப்பது சிரமம். உங்கள் வேகாவில் எஞ்சினை மாற்றிவிட்டார்கள் என்றால் 8,000 நியாயம். பழையதே என்றால் அதிகம். 34 அடியில் செயில்டிரைவ் கால் இறங்குவதற்காக உடலில் ஒரு பெரிய துளை இருக்கிறது; அதை மூடி நிற்பது ஒரு ரப்பர் வளையம். அதை ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது வால்வோ பென்டா. எஞ்சினை நகர்த்தாமல் மாற்ற முடியாது. ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்மோசிஸ் என்ற சொல்லைக் கேட்டு எல்லாரும் நடுங்குகிறார்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். 1970களின் ஃபைபரில் நீர் ஊறிக் கொப்புளம் வருவது சாதாரணம். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடையோடு திரவம் வரும். அதனால் படகு முழுகுவது அரிதிலும் அரிது. ஈரமானியின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்: அன்றுதான் தூக்கிய படகும், செப்புக் கலந்த பெயின்ட் பூசிய படகும் உயர்ந்த எண்ணைக் காட்டும். சில கொப்புளங்கள் விலைபேசப் பயன்படும், அவ்வளவே. அதைவிட உடலைத் துளைத்துச் செல்லும் வால்வுகள் எனக்குக் கவலை தரும். சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் கரைந்து போனால் செம்பு மட்டும் பஞ்சுபோல் மிஞ்சும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். ஒரு காலடி பட்டாலே முறியலாம். எல்லா வால்வும் கையால் திறந்து மூட வர வேண்டும். மாற்றுவது மலிவு, ஆனால் படகு கரையில் இருக்கும்போது மட்டுமே முடியும். படகு நீரில் இருக்கையில் நீங்கள் தட்டியோ முறுக்கியோ சோதிக்க வேண்டாம்.

மேலே சொன்னவை சர்வேயரை (படகைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணரை) அழைக்குமுன் நீங்களே வடிகட்ட. விலை பேசி, சர்வேக்கும் கடல் ஓட்டத்துக்கும் உட்பட்டு என்று எழுதி, பத்து சதவீத முன்பணம் கொடுத்தபின் சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவர் தரும் பழைய அறிக்கையை நம்பாதீர்கள். அடிக்கு 20 பவுண்டுக்கு மேல் கேட்பார்கள், கிரேன் செலவு தனி. வழக்கமான சர்வேயில் பாய்மர உச்சி வரை ஏறுவதும் எஞ்சினைப் பிரிப்பதும் சேராது. பிரிக்க முடியாத இடம் எல்லாவற்றுக்கும் ‘பார்க்கவில்லை’ என்றே அறிக்கையில் வரும். அந்த வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். காகிதத்தில், சிறு கப்பல் பதிவேட்டின் எண் உரிமைக்குச் சான்றல்ல. விற்பனைப் பத்திரங்களின் சங்கிலியும், வாட் வரி கட்டிய அத்தாட்சியும் கேளுங்கள். ஷெர்பூர் போனால் இது நிஜமாகவே தேவைப்படலாம்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்றையும் பாருங்கள்: 26 அடி வெஸ்டர்லி சென்டார். 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். இரட்டைக் கீல், மூன்றடி ஆழம். நீர் வற்றினால் சேற்றில் நிமிர்ந்து உட்காரும். லாங்ஸ்டன், சிச்செஸ்டர் பக்கம் நீர் வற்றும் இடங்களில் படகை மிதவையில் கட்டிவைக்கும் கட்டணம் மரினா வாடகையில் ஒரு சிறு பங்குதான். எதிர்க்காற்றில் வேகாவுக்கு ஈடாகாது, ஆனால் உள்ளே மூவருக்கும் தாராளம். அதன் பலவீனம் இரண்டு கீலும் உடலைத் தொடும் இடம். கடினத் தரையில் அலை தூக்கித் தூக்கிப் போட்டிருந்தால் அங்கே உடல் நெகிழத் தொடங்கும். உள்ளே ஃபைபர் வைத்துப் பலப்படுத்தியதற்கான ரசீது உள்ள சென்டாரையே தேடுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு வேகாவுக்கு, எஞ்சின் மாற்றப்பட்டது என்றால். 34 அடியின் உரிமையாளரிடம் கம்பி, செயில்டிரைவ் வளையம் இரண்டுக்கும் சமீபத்திய ரசீது இருந்து, தேக்கைத் தட்டியபோது சத்தம் சுத்தமாக இருந்து, விலையும் 9,500 வரை இறங்கினால் என் கணக்கு மாறும். ஃபோனில் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு காரை எடுங்கள்.